வரைபடத்தில் மனைவியின் புள்ளியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். இதிலிருந்து வெளியே வருவது எப்படி?

கேள்வி: கருங்கல்காரன்

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் கருங்கல் பக்கம். ஐந்து ஆண்டுகளாக ஷார்ஜாவில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மின்பணி மேற்பார்வையாளராக இருக்கிறேன். மனைவி, ஆறு வயது மகள், என் அம்மா ஆகிய மூவரும் ஊரில் இருக்கிறார்கள். உடன் தங்கியிருக்கும் நண்பர்களிடம் இதைச் சொல்ல வெட்கமாக இருப்பதால், முகம் தெரியாத உங்களிடம் கேட்கிறேன்.

சென்ற ஆண்டு விடுமுறைக்கு வந்திருந்தபோது, மனைவியின் கைபேசியில் கூகுள் மேப்ஸைத் திறந்து, அவளுடைய இருப்பிடம் எனக்குத் தெரியும்படி நானே அமைத்தேன். ஒரு மணி நேரம், ஒரு நாள் என்றெல்லாம் தெரிவுகள் இருந்தும், நிறுத்தும் வரை தொடர்ந்து பகிரும் தெரிவையே அழுத்தினேன். அவள் பக்கத்தில் அமர்ந்து மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாள். "இது என்னத்துக்கு?" என்றாள். "அவசரத்துக்கு உதவும்" என்றேன். அதோடு பேச்சு முடிந்தது. அப்போது என் மனத்தில் வேறு எண்ணம் எதுவும் இருக்கவில்லை என்பதை இப்போதும் உறுதியாகச் சொல்வேன்.

இங்கே ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, வெயிலில் செய்யும் வேலைகளை மதியம் 12.30 முதல் 3 மணி வரை நிறுத்திவைக்க வேண்டும் என்பது சட்டம். அந்த இரண்டரை மணி நேரமும் கிடைத்த நிழலில் அட்டையை விரித்துப் படுத்துக் கிடப்போம். நம் ஊரில் அப்போது பிற்பகல் 2 மணி முதல் 4.30 வரை, மனைவி மகளை அழைத்துவரப் பள்ளிக்குப் புறப்படும் நேரம். தொடக்கத்தில், இருவரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்களா என்று ஒரே ஒரு முறை பார்ப்பேன். பிறகு புறப்பட்டாளா என்று பார்த்தேன். பேருந்தில் ஏறினாளா என்று பார்த்தேன். திரும்பும்போது சந்தையில் ஏன் நின்றாள் என்று யோசித்தேன். ஒரு நாள் எத்தனை முறை பார்க்கிறேன் என்று எண்ணி வைத்தேன். 43 முறை.

ஆகஸ்டில் ஒரு நாள் அந்தப் புள்ளி மார்த்தாண்டத்தில் ஒரு தங்கும் விடுதியின் மேல் போய் நின்றது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். விடுதியின் பெயரே தெரிந்தது. 48 நிமிடங்கள் அது அங்கிருந்து நகரவில்லை. இணையவழி அழைப்புச் செயலியான போட்டிமில் மூன்று முறை அழைத்தும் அவள் எடுக்கவில்லை. அந்த 48 நிமிடங்களில் என் மனம் எங்கெல்லாம் போய் வந்தது என்பதை எழுதக் கை கூசுகிறது. கடைசியில் அவளே அழைத்தாள். அம்மாவுக்குச் சிறுநீரகக் கல் வலி வந்ததால் ஸ்கேன் எடுக்க அழைத்துச் சென்றதாகவும், உள்ளே கைபேசியை ஒலியில்லாமல் வைக்கச் சொன்னார்கள் என்றும் சொன்னாள். விடுதிக்கு எதிரே இருப்பது ஸ்கேன் எடுக்கும் இடம். நான் கேட்டது ஒரே கேள்விதான்: "இவ்வளவு நேரம் எங்கே நின்றாய்?" அதை நான் கேட்ட தொனி அவளுக்குப் புரிந்துவிட்டது.

அரை மணி நேரம் கழித்து ஸ்கேன் கட்டண ரசீதைப் படம் எடுத்து அனுப்பினாள். நான் கேட்கவே இல்லை. அன்றிலிருந்து எங்கே போனாலும் ஒரு படம் வந்துவிடுகிறது. பள்ளி வாசல், காய்கறிப் பை, நகரப் பேருந்தில் மகளிருக்குக் கொடுக்கும் கட்டணமில்லாப் பயணச்சீட்டு என்று எல்லாம் வருகிறது. சீட்டைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து, பின்னால் பேருந்தின் ஜன்னல் தெரியும்படி எடுப்பாள். அதில் ஒரு சொல்லும் எழுதியிருக்காது. அவள் சண்டை போட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

என் கேள்விகள் இவைதான். இந்தப் பகிர்வை நிறுத்திவிட்டால் என் மனம் அமைதி அடையுமா, இன்னும் அலைபாயுமா? இல்லாத சந்தேகத்தை இந்தச் செயலி எனக்குள் கொண்டுவந்ததா, அல்லது முன்பே உள்ளே கிடந்ததை வெளியே எடுத்துப் போட்டதா? கருவி இவ்வளவு தவறாக இடம் காட்டுமா என்பதையும் விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நல்லது.

மறுமொழி: வடசேரி கைபேசிக் கடை

நாகர்கோவில் வடசேரியில் பதினான்கு ஆண்டுகளாகக் கைபேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். குடும்ப விஷயத்தில் அறிவுரை சொல்லும் தகுதி எனக்கு இல்லை. ஆனால் அந்த 48 நிமிடங்களில் உங்கள் திரையில் என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்ல முடியும்.

கைபேசி தன் இடத்தை அறிய முதலில் செயற்கைக்கோள்களை நாடுகிறது. ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் குறைந்தது நான்கின் சமிக்ஞைகள் ஒரே நேரத்தில் கிடைத்தால்தான் கணக்கு சரியாக வரும். முட்டம் கடற்கரையிலோ தோவாளைப் பக்கத்து வயல்வெளியிலோ, மேலே வானம் திறந்திருக்கும் இடத்தில் நின்றால், பிழை ஏறத்தாழ 5 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஸ்கேன் அறை போன்ற, மேலே இரண்டு மூன்று கான்கிரீட் தளங்கள் உள்ள உள்ளறையில் அந்த மெல்லிய சமிக்ஞை வந்து சேராது. அப்போது கைபேசி அக்கம்பக்கத்து வைஃபை பெட்டிகளையும் கைபேசிக் கோபுரங்களையும் கொண்டு தன் இடத்தை ஊகிக்கும். எந்த வைஃபை எந்த இடத்தில் இருக்கிறது என்ற பெரிய பட்டியல் கூகுளிடம் உண்டு. தங்கும் விடுதி என்றால் மாடிக்கு ஒரு வைஃபை பெட்டியாவது வைத்திருப்பார்கள். சாலைக்கு எதிர்ப்பக்கம் அத்தனை பெட்டிகள் ஒன்றாக அலைபரப்பிக்கொண்டிருந்தால், புள்ளி அந்தப் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

நீங்கள் உங்கள் சொந்த இடத்தை வரைபடத்தில் பார்க்கும்போது, புள்ளியைச் சுற்றி வெளிர்நீல வட்டம் ஒன்று வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வட்டத்துக்குள் எங்கேனும் நீங்கள் இருக்கலாம் என்பதே அதன் பொருள். அடுத்தவருடைய இடத்தைப் பார்க்கும்போதும் அப்படியொரு வட்டத்தை மனத்தில் வரைந்துகொள்ள வேண்டும். நம் ஆட்கள் வட்டத்தை விட்டுவிட்டுப் புள்ளியைப் பிடித்துக்கொள்கிறார்கள். அதுவும் போதாதென்று புள்ளிக்குக் கீழே எழுதியிருக்கும் கடைப் பெயரைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

புள்ளி அசையாமல் நிற்பதற்கும் வேறு காரணங்கள் உண்டு. மின்கலத்தில் சார்ஜ் குறைந்து கைபேசி சிக்கன நிலைக்குப் போனாலோ, இணையத் தொடர்பு அறுந்தாலோ, கடைசியாக அனுப்பிய இடத்திலேயே புள்ளி நின்றுவிடும். அது எவ்வளவு நேரத்துக்கு முந்தைய தகவல் என்பது பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. பேச்சிப்பாறைக்கு மேலே போனால் தொடர்பே கிடைக்காத இடங்கள் எத்தனை என்பது நமக்குத் தெரியும். களியக்காவிளையில் வீட்டுத் திண்ணையில் அமர்ந்திருப்பவரின் கைபேசி, கேரளத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டு வரவேற்புச் செய்தி அனுப்புவதும் உண்டு. மார்த்தாண்டம் மேம்பாலத்தின் மேலே பேருந்தில் போகிறவரும், அதற்கு நேர் கீழே கடை வாசலில் நிற்கிறவரும் வரைபடத்தில் ஒரே புள்ளிதான்.

இன்னொன்றையும் சொல்கிறேன். மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது, மனைவியின் கைபேசியிலோ கணவரின் கைபேசியிலோ அவர்களுக்குத் தெரியாமல் ஏதாவது செயலியைப் போட்டுத்தர முடியுமா என்று என் கடைக்கு வந்து கேட்கிறார்கள். திரையில் கோளாறு என்று சொல்லி ஒருவர் தம் மனைவியின் கைபேசியைக் கொண்டுவந்தார். எனக்குத் தெரிந்து அந்தத் திரையில் ஒரு கீறல்கூட இல்லை. மற்ற வாடிக்கையாளர்கள் போகும் வரை காத்திருந்து, குரலைத் தாழ்த்திக் கேட்டார். கைபேசியைத் துடைத்து உறையில் போட்டு அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். துணையை மறைவாக வேவு பார்க்கும் செயலிகளை கூகுள் தன் பிளே ஸ்டோரில் 2020 முதல் தடை செய்திருக்கிறது. ஆகவே இப்போது இவை வேறு வழிகளில்தான் வருகின்றன. அப்படி வருபவை வீட்டிலுள்ள படங்களையும் வங்கி விவரங்களையும் யாருக்கு அனுப்புகின்றன என்பது போட்டவருக்கே தெரியாது.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. மனைவிக்குத் தெரிந்தேதான் செய்திருக்கிறீர்கள். உங்கள் தேவைக்கு வாட்ஸ்அப்பில் உள்ள நேரலை இருப்பிடம் போதும் என்பது என் கருத்து. அதில் 15 நிமிடம், 1 மணி நேரம், 8 மணி நேரம் என்று மூன்றே தெரிவுகள். நேரம் முடிந்தால் தானாக நின்றுவிடும். தேவைப்படும்போது அனுப்புகிறவரே அழுத்தி அனுப்ப வேண்டும். இதில் அழுத்தும் விரல் அவருடையது என்பதுதான் முக்கியம்.

மறுமொழி: தக்கலை அக்கா

தம்பி, நீளமாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு வரியை மட்டும் விட்டுவிட்டீர்கள். உங்கள் மனைவியின் புள்ளி உங்களுக்குத் தெரிகிறது. உங்கள் புள்ளி அவருக்குத் தெரிகிறதா?

மறுமொழி: குழித்துறை வழக்கறிஞர்

குடும்ப நீதிமன்ற வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் சட்டப் பக்கத்தை மட்டும் எழுதுகிறேன். உங்கள் வீட்டு விஷயம் நீதிமன்றம் வரை வரக் கூடியது என்று நான் நினைக்கவில்லை. ஆனால் கணவன் மனைவிக்கு இடையில் அந்தரங்கம் என்று ஒன்று கிடையாது என்ற எண்ணம் நம் ஊரில் படித்தவர்களிடமும் இருப்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில், அந்தரங்கத்துக்கான உரிமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவில் அடங்கிய அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தது. தாலி ஏறியதும் அந்த உரிமை இறங்கிவிடுமா என்ற கேள்விக்கு, நம் மாவட்டத்து வழக்குகள் மேல்முறையீட்டுக்குப் போகும் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே 2024 அக்டோபரில் விடை சொல்லியிருக்கிறது. மனைவியின் கைபேசி அழைப்பு விவரங்களை அவருக்குத் தெரியாமல் எடுத்து, விவாகரத்து வழக்கில் கணவர் தாக்கல் செய்திருந்தார். நீதியரசர் ஜி.ஆர். சுவாமிநாதன் அதை ஏற்கவில்லை. அந்தரங்க உரிமை என்பதில் கணவன் மனைவிக்கு இடையிலான அந்தரங்கமும் அடங்கும் என்றும், அதை மீறிப் பெற்ற சாட்சியம் செல்லாது என்றும் அவர் தீர்ப்பளித்தார்.

இதற்கு மாறான திசையிலும் ஒரு தீர்ப்பு உண்டு. அதை மறைத்தால் நான் நேர்மையாக எழுதியதாகாது. துணையின் தொலைபேசிப் பேச்சை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்திருந்தாலும், திருமண வழக்கில் அதைச் சாட்சியமாக ஏற்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 14 அன்று கூறியது. ஒருவரை ஒருவர் வேவு பார்க்கும் நிலைக்குத் தம்பதியர் வந்துவிட்டார்கள் என்றால், அந்த உறவு முன்பே முறிந்துகிடக்கிறது என்பதற்கு அதுவே அறிகுறி என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. என்னைப் பொறுத்தவரை, சாட்சியமாக ஏற்பது வேறு, செய்தது சரி என்று சொல்வது வேறு. கட்சிக்காரர்கள் இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, பேச்சைப் பதிவு செய்த பென் டிரைவோடு என் அலுவலகத்துக்கு வருகிறார்கள்.

இருப்பிடத்தைப் பற்றியே நேரடியாக வந்த தீர்ப்பு ஒன்று, 2024 ஜூலை 8 அன்று ஃபிராங்க் வைட்டஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அளித்தது. அவர் போதைப்பொருள் வழக்கில் குற்றம் சாட்டப்பட்ட நைஜீரிய நாட்டவர். கூகுள் மேப்ஸில் தம் இடத்தைக் குறித்து விசாரணை அதிகாரிக்குத் தெரியும்படி வைக்க வேண்டும் என்று அவருக்குப் பிணை நிபந்தனை விதித்திருந்தார்கள். பிணையில் வெளியே வந்தவரின் ஒவ்வொரு அசைவையும் காவல்துறை பின்தொடர வழிசெய்யும் நிபந்தனை அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று கூறி உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. போதைப்பொருள் வழக்கில் பிணையில் இருப்பவருக்கு இல்லாத கடமையை, ஸ்கேன் எடுக்க மாமியாரை அழைத்துச் சென்ற பெண் சுமந்துகொண்டிருக்கிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீங்கள் செய்தது குற்றமா என்றால், இல்லை. அவருடைய சம்மதத்தோடு செய்திருக்கிறீர்கள். ஆனால் தலை பின்னிக்கொண்டே "இது என்னத்துக்கு?" என்று கேட்டவருக்குக் கிடைத்த விடை "அவசரத்துக்கு" என்பது. அவசரத்துக்குக் கொடுத்த சம்மதத்தை அன்றாடத்துக்குச் செலவழிக்க முடியாது. தெரியாமல் செயலி போடுகிறவர்களின் நிலை வேறு: பெண்ணின் மின்னணுத் தொடர்புகளைக் கண்காணிக்கும் ஆண் மீது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 78ஆம் பிரிவின்கீழ் வழக்குப் பதிவு செய்யலாம், முதல் முறைக்கே மூன்றாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. வடசேரிக் கடைக்காரர் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தது அவருக்கும் நல்லது.

மறுமொழி: தூத்தூர்க் கரையிலிருந்து

நான் இதுவரை இங்கே படித்ததோடு சரி, எழுதியதில்லை. என் கணவர் ஆழ்கடல் விசைப்படகில் தொழில் செய்கிறார். கொச்சியிலிருந்து புறப்பட்டால் திரும்ப முப்பது நாளும் ஆகும், நாற்பது நாளும் ஆகும். கரை மறைந்த சிறிது நேரத்தில் கைபேசித் தொடர்பு போய்விடும். அதன் பிறகு அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குக் காட்ட வரைபடத்தில் ஒன்றும் இருக்காது.

2017 நவம்பர் 30ஆம் நாள் ஓகி புயல் வந்தபோது அவர் கடலில் இருந்தார். எங்கள் ஊர்களில் எத்தனை வீடுகளில் ஆண்கள் கரையில் இல்லை என்பதை எண்ணக்கூட யாருக்கும் மனம் வரவில்லை. கோயில் முற்றத்தில் பெண்கள் எல்லோரும் ஒன்றாகவே இருந்தோம். யாருடைய கைபேசி ஒலித்தாலும் எல்லோரும் எழுந்து நிற்போம். பதினோராம் நாள், அவர்கள் படகு லட்சத்தீவில் ஒதுங்கியது என்று செய்தி வந்தது. என் சித்தப்பா மகன் வரவில்லை. அந்தப் பதினோரு நாளும் எனக்கு ஒரே ஒரு புள்ளி வேண்டியிருந்தது. பத்து கிலோமீட்டர் தள்ளிக் காட்டினாலும் போதும் என்றிருந்தது.

இப்போது இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர் கருவிகளை அரசு படகுகளில் பொருத்தித் தருகிறது. அது படகின் இடத்தைத் தெரிவிக்கும். புயல் எச்சரிக்கையும் வந்து சேரும். ஆபத்து என்றால் அவர்களும் செய்தி அனுப்பலாம். அந்தக் கருவியைப் பற்றி எங்கள் வீட்டில் யாருக்கும் மனவருத்தம் வந்ததில்லை.

அதனால்தான் எனக்கு இந்தப் பகிர்வையே கெட்டது என்று சொல்ல மனம் வரவில்லை. அண்ணன், கரையில் என் கணவர் இருக்கும் இரண்டு வாரத்தில், அவர் மாலையில் தேங்காய்ப்பட்டணம் வரை போய் யாரோடு நின்று பேசுகிறார் என்று நான் கேட்பதில்லை. நாற்பது நாள் கடலை நம்பி விட்டவள், நான்கு கிலோமீட்டரைக் கணக்குப் பார்க்கக் கூடாது என்று என் மாமி சொல்வார்கள். மாமி சொல்வது எல்லாவற்றையும் நான் ஏற்பதில்லை, இதை ஏற்கிறேன். உங்கள் மனைவி இரவில் குழந்தையோடு தனியாகப் பயணம் செய்யும் நாளில் புள்ளியைப் பாருங்கள். காய்கறி வாங்கும் நாளில் எதற்கு?

மறுமொழி: இரணியல் ரயில் பயணி

எல்லோரும் நிறுத்தச் சொல்வதால், நிறுத்தாமல் இருக்கும் ஒருத்தியும் எழுதுகிறேன். திருவனந்தபுரத்தில் மென்பொருள் வேலை. வாரநாள்களில் ரயிலில் போய் வருகிறேன். எனக்கும் எனக்கு நிச்சயிக்கப்பட்டவருக்கும் இடையில் இருப்பிடப் பகிர்வு இருபுறமும் ஒன்பது மாதங்களாக இருக்கிறது. ரயில் எங்கேயாவது நின்றுவிட்டால், நான் சொல்லாமலே அவர் நிலையத்துக்குத் தாமதமாகப் புறப்பட்டு வருவார். மழையில் நிற்க வேண்டியதில்லை.

முதல் மாதத்தில் எங்களுக்குள்ளும் பிணக்கு வந்தது. அவர் பார்த்ததை மறைத்துவிட்டு, தெரியாதவர் போல "இன்றைக்கு எங்கே சாப்பிட்டாய்?" என்று கேட்டார். விடையைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் கேள்வி தேர்வுத்தாள் போன்றது. காதலருக்கு எழுத வேண்டிய தேர்வு எதுவும் என்னிடம் இல்லை என்று சொன்னேன். அதன் பிறகு ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம்: பார்த்தால், பார்த்தேன் என்று சொல்லிவிட வேண்டும். "உன் புள்ளி பாறசாலையில் நிற்கிறது, வண்டி தாமதமா?" என்று வெளிப்படையாகக் கேட்கலாம். ஒவ்வொரு முறையும் சொல்ல வேண்டும் என்று ஆனவுடன், பார்ப்பது தானாகக் குறைந்துவிட்டது. 43 முறை பார்க்கிறவர் 43 முறை சொல்ல முடியுமா?

மறுமொழி: தக்கலை அக்கா

நல்ல ஏற்பாடுதான் தங்கச்சி. ஆனால் நீயும் சம்பாதிக்கிறாய், அவரும் சம்பாதிக்கிறார், இருவர் புள்ளியும் இருவருக்கும் தெரிகிறது. பிடிக்கவில்லை என்றால் அணைத்துவிட்டுக் காரணம் சொல்லும் தைரியமும் உனக்கு உண்டு. கருங்கல்காரரின் வீட்டில், மாதச் செலவுக்குப் பணம் வரும் திசையிலிருந்துதான் "எங்கே நின்றாய்?" என்ற கேள்வியும் வருகிறது. அந்தப் பெண் தானாக அணைத்தால், "எதை மறைக்க அணைத்தாய்?" என்ற அடுத்த கேள்வி வரும் என்று அவளுக்குத் தெரியும். அதனால்தான் அணைக்காமல் பயணச்சீட்டைப் படம் எடுக்கிறாள். போட்டவரே அணைக்க வேண்டும்.

என் முதல் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

மறுமொழி: கருங்கல்காரன்

அக்காவின் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியாததற்குக் காரணம் இருக்கிறது. இல்லை, என் புள்ளி அவளுக்குத் தெரியாது. நான் பகிரவில்லை.

மார்ச் மாதம் வரை ஷார்ஜா நகருக்குள் ரோலாவில் நான்கு பேர் சேர்ந்து ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தோம். கீழே கேரளத்துக்காரர் உணவகம், நடக்கும் தூரத்தில் கடைகள் என்று எல்லாம் உண்டு. நிறுவனம் செலவைக் குறைப்பதற்காக எங்களைச் சஜாவில் உள்ள தொழிலாளர் முகாமுக்கு மாற்றியது. சுற்றிலும் கிடங்குகளும் மணலும் லாரிகளும்தான். ஓர் அறையில் எட்டுப் பேர். வீட்டில் இதைச் சொல்லவில்லை. அம்மா கவலைப்படுவார் என்பது ஒரு காரணம். மேற்பார்வையாளர் என்று ஊரில் சொல்லிவைத்திருப்பது இன்னொரு காரணம். காணொளியில் பேசும்போது சுவரை மட்டும் காட்டுவேன். பொய்யான இடத்தில் இருந்துகொண்டு உண்மையான இடத்தில் இருந்தவளைக் கேள்வி கேட்டிருக்கிறேன் என்பது, அக்கா கேட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது.

விடுமுறை நாளில் அவளை அழைத்து எல்லாவற்றையும் சொன்னேன். முகாமைப் பற்றியும் சொன்னேன், 43 முறை பார்த்ததையும் சொன்னேன். நீண்ட நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு அவள் சொன்னவை எனக்குத் தெரியாதவை. கைபேசி அணைந்துவிட்டால் நான் பதறுவேன் என்று, ஸ்கேன் எடுத்த மறுநாளே ஒரு பவர் பேங்க் வாங்கிக் கைப்பையில் வைத்திருக்கிறாள். பேருந்தில் ஜன்னல் ஓர இருக்கை கிடைக்கவில்லை என்றால், தொடர்பு அறுந்துவிடுமோ என்று அடுத்த வண்டிக்குக் காத்திருக்கிறாள். குலசேகரத்தில் அவள் அம்மா வீட்டுக்குப் போகும் வழியில் ரப்பர்த் தோட்டத்துக்குள் தொடர்பு கிடைக்காது என்பதால், இரண்டு மாதமாக அங்கே போகவே இல்லை. அம்மா வீட்டுக்குப் போகாததற்கு நான் வேறு காரணம் நினைத்திருந்தேன்.

அணைத்துவிடு என்றேன். எங்கே அணைப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் காணொளியில் ஒவ்வொன்றாகச் சொல்ல, மகள்தான் கைபேசியை வாங்கி அணைத்தாள். அம்மாவை அடுத்த மாதம் திருவனந்தபுரம் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாளில் மட்டும் வாட்ஸ்அப்பில் எட்டு மணி நேரத்துக்கு அவளே அனுப்புவதாகச் சொன்னாள். வடசேரி அண்ணனுக்கும் வக்கீல் சாருக்கும் நன்றி. தூத்தூர்ச் சகோதரி எழுதியதை அவளுக்கும் படித்துக் காட்டினேன்.

பிறகு என் இருப்பிடத்தை அவளுக்குப் பகிர்ந்தேன். மறுநாள் மதிய இடைவேளையில் கை வழக்கம்போல் மேப்ஸைத் திறந்தது; அதில் யாரும் இல்லை. பயணச்சீட்டின் படமும் வரவில்லை. நான்கு மணி இருக்கும், அவளே அழைத்தாள். என் புள்ளியை ஒரு முறை பார்த்தாளாம்.

"அங்க சுத்திலயும் ஒரு கடைகூட இல்லியே, நீங்க எங்க போய்ச் சாப்பிடுவீங்க?" என்று கேட்டாள்.